நூலகத்தின் பின்பக்கத் தோட்டம்: எட்டு மாதம் போய்வந்த பிறகு எழுதுவது

நூலகத் தோட்டத்தைத் திறந்துவைத்த அன்று எல்லாரும் பூச்செடிகளைச் சுற்றி நின்றார்கள். நான் நேராகப் பின்சுவரிடம் போனேன். அந்தச் சுவருக்கு உட்புறம்தான் இருப்பு அறை. பழைய பைண்டிங் தொகுதிகள் தரையிலிருந்து மேலே எட்டாத உயரம் வரை அங்கே அடுக்கியிருக்கின்றன. உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். இடுப்பு உயரத்தில் காய்ந்திருந்தது. பாத்தி மண்ணுக்குச் சற்று மேலே சில்லென்று ஒட்டியது.

31 வருடம் நூலகங்களுக்குப் புத்தகம் கட்டிக்கொடுத்தவள் நான். தைத்து, முதுகு திருப்பி, காலிகோ துணி ஒட்டி, அழுத்துப் பலகையில் வைத்து எடுத்த தொகுதிகளில் பல அந்த அறையில்தான் இருக்கின்றன. ஆகவே தோட்டத்தைப் பற்றிய என் மதிப்புரை சுவரில் தொடங்குகிறது. நூலகத்துத் தோட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான்.

புதுப்பிக்கும் வேலையை எடுத்தவர்கள் அழகாக இருக்கட்டும் என்று சுவரை ஒட்டியே இரண்டடி உயரத்துக்குச் செங்கல் பாத்தி கட்டி, மண் நிரப்பி, செம்பருத்தி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் குழாய் வைத்து நீர் பாய்ச்சினார்கள். எந்தக் கட்டடத்திலும் மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் இருக்க அடித்தளத்துக்கு மேலே ஒரு தடுப்பு அடுக்கு போடுவார்கள். கொத்தனார்கள் அதை டி.பி.சி. என்பார்கள். வெளித்தரை அந்த அடுக்குக்குக் குறைந்தது 15 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். இங்கே பாத்தி மண் அந்த அடுக்கையே மூடிவிட்டு அதற்கு மேலும் ஒன்றரை அடி ஏறி நின்றது. தடுப்பு போட்டும் பயனில்லை. ஈரம் அதைத் தாண்டிச் சுவருக்குள் போக வழி கட்டிக்கொடுத்த மாதிரி ஆயிற்று.

நூலகரிடம் சொன்னேன். அவர் வந்து தொட்டுப் பார்த்தார். "அக்கா, பெயின்ட் புதுசு, அதனால் குளிர்ச்சியாக இருக்குமோ?" என்றார். இருக்கலாம் என்றுதான் அன்று திரும்பினேன். முதல் மழைக்காலம் முடிவதற்குள் உட்புறச் சுண்ணாம்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கீழ்த்தட்டில் இருந்த வார இதழ்த் தொகுதிகளின் அட்டை வளைந்துவிட்டது. அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஈரம் வாங்கினால் அது படகு மாதிரி வளையும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும். பழைய பைண்டிங்குகளில் மாவுப் பசைதான் போட்டிருப்போம். அந்தப் பசையைத் தின்ன வெள்ளிப்பூச்சி வரும், அதற்கும் ஈரம் பிடிக்கும். கரையானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுவரோடு சேர்த்துக் குவித்த மண் அதற்கு வெயில் படாத பாதை.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், வேலை எடுத்தவர்கள் நாங்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்பதுதான். இரண்டாம் முறை நானும் நூலகரும் அந்த வளைந்த தொகுதிகளை மேசைமேல் வரிசையாக வைத்துக் காட்டியபோது, பாத்தியை இடித்தார்கள். செம்பருத்திகளை வேலியோரம் மாற்றினார்கள். சுவருக்கும் முதல் செடிக்கும் நடுவே இரண்டடி அகலத்தில் வெறும் சரளைக்கல் பட்டை போட்டு, மழைநீர் வெளிப்பக்கம் ஓடும்படி தரையைச் சரித்தார்கள். அந்தப் பட்டை பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். வருகிறவர்கள் "இங்கே ஏன் செடி வைக்காமல் விட்டார்கள்?" என்று கேட்பார்கள். இந்தத் தோட்டத்தில் மிகச் சரியாகச் செய்யப்பட்டது அதுதான். வேறு நூலகங்களில் தோட்டம் போடப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி தோட்டத்துக்குள் போகலாம்.

முன்பு இது தோட்டமே இல்லை. கால் உடைந்த நாற்காலிகள், துருப்பிடித்த இரும்பு அலமாரிகள், கழித்துக்கட்டிய பதிவேட்டு மூட்டைகள், அவற்றின்மேல் படர்ந்த கொடி. நடுவில் ஒரு பெரிய வேம்பு. பின்பக்கக் கதவுக்குப் பூட்டு. பூட்டுக்குச் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. வாசிப்பு அறையின் ஜன்னல்களுக்கு வெளிப்புறம் அலமாரிகளை அடுக்கி வைத்திருந்ததால் பகலிலும் உள்ளே விளக்கு எரியும். என் வேலைக் காலம் முழுவதும் கட்டிய புத்தகங்களை இறக்கிவைத்துவிட்டு அந்த ஜன்னல் வழியே வேம்பின் கிளையைத்தான் பார்த்திருக்கிறேன். அதன் அடிமரத்தை முதன்முதலாகப் பார்த்தது தோட்டம் திறந்த நாளில்.

புதுப்பிப்பில் நான் மிகவும் மெச்சுவது ஒரு கதவை. வாசிப்பு அறையின் பின்சுவரில் இருந்த ஜன்னல்களில் ஒன்றைத் தரைவரை வெட்டி இறக்கிக் கதவாக்கியிருக்கிறார்கள். வாசற்படி இல்லை, உள்தரையும் வெளித்தரையும் ஒரே மட்டம். கதவை ஒட்டி வெளியே நீளவாக்கில் ஒரு நீர் வடிகால், மேலே கம்பி மூடி, தலைக்கு மேல் ஒரு சார்ப்பு. மழை பெய்தாலும் நீர் உள்ளே வராது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுச் சந்து வழியாகத் தோட்டத்துக்குப் போகும்படி முதல் வரைபடத்தில் இருந்ததாம். அப்படியே விட்டிருந்தால் இது நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பூங்கா, அவ்வளவுதான். இப்போது கையில் இருக்கும் புத்தகத்தை மூடாமலே எழுந்து வெளியே போய் உட்காரலாம். உள்ளே மேசையில் இருக்கும் ஊழியர் தலையைத் தூக்கினால் தோட்டம் முழுவதும் தெரிகிறது.

அந்தப் பார்வை முக்கியம். நியூயார்க் பொது நூலகத்தின் பின்னாலும் ஒரு தோட்டம் உண்டு, பிரையன்ட் பூங்கா. ஒரு காலத்தில் அது தெருமட்டத்தைவிட உயர்ந்து, இரும்பு வேலியும் உயரமான செடிவேலியும் சூழ்ந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாத இடமாக இருந்தது. 1970களில் போதைப்பொருள் விற்பவர்கள் புகுந்துகொண்டார்கள்; மற்றவர்கள் போவதை நிறுத்திவிட்டார்கள். வில்லியம் வைட் என்பவர் அந்தக் காலத்தில் நகரச் சதுக்கங்களில் கேமரா வைத்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று வருடக்கணக்கில் படமெடுத்து ஆராய்ந்தவர். அவரிடம் கேட்டபோது, அந்த மறைவுதான் குறை என்றார். செடிவேலியை எடுத்தார்கள், நுழைவுகளை அகலமாக்கினார்கள், படிகளைத் திருத்தினார்கள். 1988இல் மூடிய பூங்கா 1992இல் திறந்தது. இப்போது அதன் புல்வெளிக்கு அடியில் நூலகத்தின் நூல் இருப்பு அறைகளே இருக்கின்றன. மேலே மனிதர்கள், கீழே புத்தகங்கள். அங்கே ஈரத்தடுப்புக்கு எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்றுதான் என் மனம் போகிறது.

நம் தோட்டத்திலும் வேலியோரச் செடிகளை இடுப்பு உயரத்துக்கு மேல் விடுவதில்லை. தோட்டம் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கத்தரித்துவிடுகிறார். மாலை மங்கும் நேரத்தில் தனியாக வரும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய தைரியம் என்பதை ஆண்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. எங்கே உட்கார்ந்தாலும் கதவும் தெருவாசலும் கண்ணுக்குத் தெரிகின்றன.

நாற்காலிகளுக்கு வருகிறேன். இதில்தான் என் அம்மாவுக்கும் எனக்கும் இந்த இடம் சொந்தமாயிற்று.

அம்மாவுக்கு 83 வயது. வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். பூங்காக்களில் அவருக்குப் பெரிய சங்கடம் சிமென்ட் பெஞ்சு. முதுகு சாய இடமிருக்காது, கைப்பிடி இருக்காது, தாழ்வாக இருக்கும். உட்கார்ந்துவிட்டால் எழ இரண்டு பேர் வேண்டும். அதனால் உட்காரவே மாட்டார். "நீ போய்ட்டு வா, நான் நிக்கிறேன்" என்பார். இங்கே இரும்புச் சட்டத்தில் மரப்பலகை வைத்த நாற்காலிகள் இருக்கின்றன. இருக்கை உயரம் 45 சென்டிமீட்டர், என் பையில் எப்போதும் கிடக்கும் அளவு நாடாவால் அளந்தேன். இரண்டு பக்கமும் கைப்பிடி. அம்மா கைப்பிடியை ஊன்றித் தானே எழுகிறார். முதல் நாள் அப்படி எழுந்தபோது என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தார்.

எல்லாமே எடுத்து நகர்த்தக்கூடியவை. தரையில் பதிக்கவில்லை, சங்கிலி போடவில்லை. திருடுபோகும் என்று கூட்டத்தில் பலர் சொன்னார்களாம். எட்டு மாதத்தில் இரண்டு காணாமல் போயின, அதில் ஒன்று பக்கத்து மாடிப்படியடியில் கிடைத்தது. நகர்த்த முடிகிற நாற்காலி என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். வைட் இதையும் கவனித்திருக்கிறார்: காலியான இடத்தில் வந்து உட்காருகிறவர்கூட நாற்காலியை அரையடி இப்படியோ அப்படியோ தள்ளிவிட்டுத்தான் உட்காருவாராம். காரணமே இருக்காது. இது என் இடம் என்று சொல்லிக்கொள்வது அது. அம்மா தினமும் செய்கிறார். நிழல் நகர நகர நாற்காலியும் நகர்கிறது. பத்து மணிக்கு வேம்பின் மேற்கே இருப்பவர்கள் மூன்று மணிக்குக் கிழக்கே இருக்கிறார்கள்.

இந்த நாற்காலிகளால் எனக்குக் கிடைத்த இன்னொரு காட்சியைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் காது கேளாத நண்பர்கள் நான்கைந்து பேர் வருவார்கள். வந்ததும் நாற்காலிகளை இழுத்து வட்டமாகப் போடுவார்கள், ஒவ்வொருவர் கையும் முகமும் மற்ற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. வெயில் யார் கண்ணிலும் நேராகப் படாதபடி வட்டத்தைத் திருப்புவார்கள். பிறகு இரண்டு மணி நேரம் பேச்சு, சிரிப்பு. வரிசையாகப் பதித்த பெஞ்சில் சைகை மொழியில் நாலு பேர் சேர்ந்து பேசவே முடியாது. பக்கத்தில் இருப்பவரின் கை தெரியாது. தோட்டத்தை வரைந்தவர்கள் இவர்களை நினைத்து நாற்காலி போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பதிக்காமல் விட்டதால் இவர்களுக்கும் இடம் கிடைத்தது.

பதித்தே வைத்த பெஞ்சுகளும் மூன்று உண்டு, பழைய வரைபடத்தின் மிச்சம். முதுகில்லாதவை, எதிரே சுவர். அவற்றில் பைகளைத்தான் வைக்கிறார்கள்.

பாதை நன்றாக இருக்கிறது. வழுவழு டைல்ஸ் போடவில்லை. மணல் படுக்கையின்மேல் சொரசொரப்பான கற்களை இடைவெளி விட்டுப் பதித்திருக்கிறார்கள். மழைநீர் கல்லிடுக்கு வழியே இறங்கிவிடுகிறது. அகலம் ஒன்றரை மீட்டர். சக்கர நாற்காலியைச் சுற்றித் திருப்ப அந்த அளவு வேண்டும். தெருவாசல் பக்கத்துச் சரிவுப் பாதையில் மட்டும் குறை. ஓரடி உயரம் ஏற 12 அடி நீளமாவது விட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. இங்கே எட்டடியில் முடித்துவிட்டார்கள். அம்மா ஏறும்போது நான் பின்னால் நிற்கிறேன். தனியாகச் சக்கர நாற்காலியில் வருகிறவர் கைவலிக்கத் தள்ள வேண்டும், இறங்கும்போது பயம். இடம் இல்லாமலும் இல்லை. மிதிவண்டி நிறுத்துமிடத்தைக் கொஞ்சம் தள்ளினால் போதும். இதைத் திருத்தும் வரை "அனைவருக்குமான தோட்டம்" என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

வேம்பைக் காப்பாற்றியது பெரிய காரியம். முதலில் அடிமரத்தைச் சுற்றி வட்டமாகச் சிமென்ட் மேடை கட்டத்தான் இருந்தார்கள். எல்லா ஊர்களிலும் மரத்தைச் சுற்றி மேடை கட்டுகிறோம், பிறகு மரம் ஏன் பட்டுப்போகிறது என்று வியக்கிறோம். மரத்துக்கு உணவும் நீரும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில் ஓரிரண்டு அடி ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. கிளைநிழலைத் தாண்டியும் பரவுகின்றன. அவற்றுக்குக் காற்றும் வேண்டும். மேலே மண்ணைக் குவித்தாலும், சிமென்டால் மூடினாலும் மூச்சு முட்டும். சாகுபடிப் பின்னணி உள்ள ஒரு பெரியவர் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னார். மேடை நின்றது. இப்போது மரத்தடியில் காய்ந்த இலைச் சருகுதான் படுக்கை, அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பரப்பியிருக்கிறார்கள். அதன்மேல் நாற்காலி போட்டுக்கொள்கிறோம்.

அந்தக் கூட்டம் பற்றி ஒரு வார்த்தை. முதல் கருத்துக்கேட்புக் கூட்டத்தை வேலைநாளில் காலை 11 மணிக்கு வைத்தார்கள். நான் உட்பட எட்டுப் பேர். இரண்டாவதை ஞாயிறு மாலை, வெறுமையாகக் கிடந்த அந்தப் பின்பக்க இடத்திலேயே, நின்றுகொண்டே நடத்தினார்கள். வரைபடத்தைத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக் காட்டினார்கள். "இதோ பாதை, இதோ பாத்தி" என்றதும் ஜனங்கள் அந்தக் கோட்டில் நடந்து பார்த்தார்கள். தாளில் பார்த்தபோது வாய் திறக்காதவர்கள் எல்லாம் பேசினார்கள். ஒரு பள்ளிக்கூடப் பெண் கோட்டுக்குள் நின்று, "இங்கே அரளி வைக்காதீங்க, என் தம்பி எதையும் வாயில வைப்பான்" என்றாள். அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. வரைபடத்தில் குழந்தைகள் மூலையைச் சுற்றி அரளி வரிசையே இருந்தது, நீர் அதிகம் கேட்காது என்பதால். அதை எடுத்துவிட்டு நந்தியாவட்டை வைத்தார்கள். ஆனால் முதல் கூட்டத்தையும் இப்படியே நடத்தியிருந்தால் என் சுவர்ப் பாத்தியையும் சுண்ணாம்புக் கோட்டிலேயே நிறுத்தியிருக்கலாம்.

குழந்தைகள் மூலை வாசிப்பவர்களிடமிருந்து தோட்டத்தின் மறுகோடியில் இருக்கிறது. கதை நேரத்தில் கூச்சல் வரத்தான் செய்யும். நடுவே புங்கை, செம்பருத்தி, கொஞ்சம் தூரம். சத்தம் முற்றிலும் மறையாது, உறுத்தாத அளவுக்குத் தேய்ந்து வருகிறது. முழு அமைதி வேண்டுமென்றால் உள்ளே இடம் இருக்கிறது.

புத்தகத்தைத் தோட்டத்துக்கு எடுத்துப்போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம், இரவல் பதிவு செய்யாமலே. கதவருகே ஒரு தள்ளுவண்டி அலமாரியும் நிற்கிறது. காலையில் வெளியே வரும், மாலை உள்ளே போகும். அதில் செய்தித்தாள்கள், இதழ்கள், அன்பளிப்பாக வந்த நாவல்கள். எடுக்க அட்டை வேண்டாம், பெயர் எழுத வேண்டாம். நியூயார்க் நூலகத்தின் பின்னால் 1935இல் பொருளாதார மந்தத்தின்போது வேலையிழந்தவர்களுக்காக இப்படித்தான் திறந்தவெளி வாசிப்பறை தொடங்கினார்கள். அடையாளமோ முகவரியோ கேட்கவில்லை. வீட்டு முகவரி இல்லாதவருக்கு உறுப்பினர் அட்டை எட்டாக் கனி என்பதை அவர்கள் அன்றே புரிந்துகொண்டார்கள். போர்க்காலத்தில் 1943இல் ஊழியர் கிடைக்காமல் நின்றுபோனது. 2003இல் மறுபடி தொடங்கியது. நம் தள்ளுவண்டியிலிருந்து தினமும் ஒரு நாவலை எடுத்து, தெருவாசல் ஓரமாகவே உட்கார்ந்து, மாலையில் அதே இடத்தில் திருப்பி வைக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். உள்ளே அவர் வந்து நான் பார்த்ததில்லை.

பைண்டிங்காரியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டியை வெயிலில் நிறுத்தாதீர்கள். செய்தித்தாளும் மலிவுப் பதிப்புகளும் மரக்கூழில் செய்த தாள். அதில் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும். வெயில் பட்டால் அது மஞ்சளாகும், பிறகு தாள் மொறுமொறுவென்று ஒடியும். ஒரு வாரம் வெயிலில் கிடந்த தாளையும் நிழலில் இருந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊழியர்களுக்குக் காட்டினேன். இப்போது வண்டி சார்ப்புக்கு அடியில்தான் நிற்கிறது. அரிய நூல்களையும் தாள்கள் தளர்ந்த பழைய தொகுதிகளையும் வெளியே கொடுப்பதில்லை, அது சரி.

தோட்ட வேலையில் பங்கெடுக்க விரும்புகிறவர்களுக்கு ஆறு பாத்திகளை ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பாத்திகள் இடுப்பு உயரத்தில், அடியில் கால் நுழைய இடம் விட்டு. சக்கர நாற்காலியில் இருந்தபடியோ நின்றபடியோ மண்ணைக் கிளறலாம். அம்மா ஒன்றில் கீரை விதைத்தார். குனியாமல் மண்ணைத் தொட்டு எத்தனை வருடமாயிற்று என்று அன்று இரவு சொல்லிக்கொண்டே இருந்தார். வேம்பின் சருகும் பாத்திக் கழிவும் மக்குக் குழிக்குப் போகின்றன. குழியை இருப்பு அறையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்கச் சொன்னேன், வைத்தார்கள்.

குறைகளில் கொசு ஒன்று. அழகுக்காக ஒரு தாமரைத் தொட்டி வைத்திருக்கிறார்கள். தேங்கிய நீரில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மீன் விட்ட பிறகு தொட்டியில் புழு இல்லை. ஆனால் பூந்தொட்டிகளுக்கு அடியில் வைத்த தட்டுகளில் நீர் நிற்கிறது, அவற்றை வாராவாரம் கவிழ்க்க யாருக்கும் பொறுப்பு கொடுக்கவில்லை. நான் போகிற நாளில் கவிழ்த்துவிடுகிறேன். விளக்குகள் முதலில் வெள்ளை வெளேரென்று இருந்தன. பூச்சிகள் மொய்த்தன, கண்ணும் கூசியது. மஞ்சள் ஒளி விளக்கு மாற்றித் தாழ்வாகப் பொருத்தியபின் பூச்சி வெகுவாகக் குறைந்தது. கழிவறைக்கு உள்ளே போய், வாசிப்பறையைக் கடந்து, மறுகோடிக்கு நடக்க வேண்டும். வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இது தூரம். தோட்டப் பக்கம் ஒரு கதவு வைக்கக் குழாய் அமைப்பு இடம் தருகிறது என்று பொறியாளர் சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஆறாத குறை நேரம். தோட்டத்தை மாலை 5.30க்குப் பூட்டிவிடுகிறார்கள். நல்ல விளக்கு போட்டு, அதைத் திருத்தியும் போட்டு, இருட்டுவதற்கு முன்பே பூட்டினால் அந்த விளக்கு யாருக்கு? வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரி முடிந்து வருகிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், இவர்கள் யாரும் 5.30க்கு முன் வர முடியாது. ஆறு மணிக்கு மேல் பக்கத்துத் தெருவில் மூடிய கடைகளின் படிக்கட்டில், விளம்பரப் பலகை வெளிச்சத்தில் குறிப்பேடு விரித்துப் படிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சுவருக்கு இந்தப் பக்கம் நாற்பது நாற்காலிகள் காலியாக இருக்கின்றன.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. இந்த நூலகத்தின் நுழைவிலும் எழுதி மாட்டியிருக்கிறார்கள். பலர் அதைப் புத்தகத்தைப் பற்றிய விதியாக மட்டும் படிக்கிறார்கள். அவர் அதை விளக்கும்போது எடுத்துப் பேசுவது நூலகம் அமைகிற இடம், திறந்திருக்கும் நேரம், மேசை நாற்காலி, ஊழியர்கள். கதவை வெட்டி இடத்தைச் சரிசெய்தார்கள். கைப்பிடி வைத்து நாற்காலியைச் சரிசெய்தார்கள். ஊழியர்கள் ஆரம்பத்திலிருந்தே நல்லவர்கள். அவர் சொன்ன நாலில் பாக்கி இருப்பது நேரம் ஒன்றுதான். காவலர் இல்லை என்று காரணம் சொல்கிறார்கள். இரண்டு வேளைக் காவல் கேட்டு எழுதியிருக்கிறோம் என்றும் சொல்கிறார்கள். எழுதி நாலு மாதம் ஆகிறது.

யாராவது முதல் தடவை போவதாக இருந்தால்: காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் போங்கள், வேம்பின் மேற்குப் பக்கம் நிழல் அடர்த்தியாக இருக்கும். வயதானவரை அழைத்துப் போனால் தெருவாசல் சரிவைத் தவிர்த்து, முன்வாசல் வழியாக வாசிப்பறைக்குள் போய்ப் புதுக் கதவால் வெளியேறுங்கள். ஒரு படிகூட இல்லை. மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்குச் சார்ப்புக்குக் கீழ் நாலு மின் இணைப்புகள் உண்டு, வைஃபை புங்கை வரைதான் எட்டும். நாற்காலியை இழுத்து எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

முந்தாநாள் இரவு முழுக்க மழை. நேற்றுக் காலை அம்மாவை வேம்படியில் உட்காரவைத்துவிட்டு இருப்பு அறைக்குப் போனேன். கீழ்த்தட்டில் நான் அழுத்துப் பலகையில் வைத்துத் திரும்ப நேராக்கிய பதினோரு தொகுதிகளும் நேராகவே நின்றன. அவற்றுக்குப் பின்னால் கையை நுழைத்துச் சுவரைத் தொட்டேன். காய்ந்திருந்தது. பிறகு நூலகரிடம் போய், தோட்டத்தை இரவு எட்டு மணி வரை திறக்கக் கேட்கும் கடிதத்தைக் கொடுத்தேன். 64 கையெழுத்து. படிக்கட்டில் படிக்கும் பிள்ளைகள் ஒன்பது பேரும் போட்டிருக்கிறார்கள்.